ஆச்சி ஏன் கையைத் தட்டிவிட்டார்? – பராமரிப்புக் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முதியோரையும் நோயாளிகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எழுதியவை. பேச்சு எங்கோ ஓரிடத்தில் முறிந்துபோன வருத்தம் அவை எல்லாவற்றிலும் இருந்தது. நான்கு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன். முதல் கடிதத்துக்கு இடம் அதிகம் தேவைப்பட்டது.

கேள்வி: அம்மா, நான் எட்டு மாதமாக வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். இப்போது 78 வயது ஆச்சி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் சொல்வது ஓரளவு விளங்குகிறது. ஆனால் நாலைந்து சொல்லுக்கு மேல் பேச வரவில்லை. போன வாரம் கஞ்சி ஊட்டும்போது என் கையைத் தட்டிவிட்டார். மெத்தையெல்லாம் கொட்டிவிட்டது. "உங்களோட பெரிய சீரழிவாப் போச்சு ஆச்சி" என்று சத்தம் போட்டுவிட்டேன். ஆச்சி அழுதார், அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்ததைப் பற்றிச் சிந்தித்து எழுதிக் கொண்டுவரும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார். இது மன்னிப்புக் கடிதமா? என்ன எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு என் நன்றி. மன்னிப்பை ஆச்சியிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள். பேச வராதவரிடம் எதைக் கேட்பது என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து, இடக்கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் சத்தம் போட்டது தப்பு ஆச்சி" என்று நிதானமாகச் சொன்னால் அவருக்கு விளங்கும். மேற்பார்வையாளர் கேட்கும் எழுத்து வேறு வகை. அது உங்களைத் தண்டிப்பதற்காகக் கேட்பது அன்று. அந்தக் கரண்டி ஏன் தட்டப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதற்காகக் கேட்பது.

இதற்குக் கிரகாம் கிப்ஸ் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 1988-இல் ஒரு சுற்றுமுறையை வகுத்தார். செவிலியர் கல்வியில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. என்ன நடந்தது, அப்போது என் மனம் எப்படி இருந்தது, எது சரியாக அமைந்தது எது அமையவில்லை, அது ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்யப்போகிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

நடந்ததை எழுதும்போது "ஆச்சி அடம்பிடித்தார்" என்று தொடங்க வேண்டாம். அடம் என்பது உங்கள் தீர்ப்பு. கண்ணால் கண்டது கையைத் தட்டிவிட்டது மட்டுமே. அப்போது மணி என்ன, நீங்கள் அவருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரா சாய்ந்து கிடந்தாரா, அது எத்தனையாவது கரண்டி, அதற்கு முன் இருமினாரா, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்ததா என்பவற்றை எழுதுங்கள். பிறகு உங்கள் மனநிலைக்கு வாருங்கள். முந்தின இரவு தூக்கம் இல்லையா, பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பதற்றமா, உங்கள் வீட்டுக் கவலை ஏதாவது கூடவே வந்திருந்ததா? இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தவர்களின் எழுத்தெல்லாம் வெறும் சம்பவ அறிக்கையாகவே நின்றுபோனதை என் 31 ஆண்டுச் செவிலியர் பயிற்றுப் பணியில் பார்த்திருக்கிறேன்.

"ஏன்" என்ற கேள்வியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால், பெரும்பாலும் மூளையின் இடப்பாதியில் அடி விழுந்திருக்கும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இரு கண்களும் நன்றாக இருந்தும் வலப்பக்கப் பார்வைப் பரப்பு மறைந்துவிடும். நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்து ஊட்டியிருந்தால், அந்தக் கரண்டி ஆச்சிக்கு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று வாயருகே முளைத்ததுபோல் இருந்திருக்கக்கூடும். இன்னொரு காரணமும் இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் வருவது மிகச் சாதாரணம். முதல் வாய்க் கஞ்சி தொண்டையில் நிற்கும்போதே இரண்டாவது கரண்டி வந்தால், "பொறு" என்ற சொல் வராத மனிதருக்குக் கையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? உங்கள் கையைத் தட்டியதுதான் அன்று ஆச்சி பேசிய பேச்சாக இருக்கலாம். சாப்பிடும்போது இருமலோ, குரலில் கரகரப்போ இருந்தால் மருத்துவரிடம் உடனே தெரிவித்து, விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் (நிமோனியா) வரக்கூடும்.

கடைசியாக, அடுத்த முறைக்கான முடிவை எழுதுங்கள். "இனிப் பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "இடப்பக்கம் உட்காருவேன், கரண்டியை முதலில் கண்ணுக்குக் காட்டுவேன், தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுப்பேன், போதும் என்பதற்கு உள்ளங்கையை விரித்துக் காட்ட ஆச்சியுடன் பழகிக்கொள்வேன்" என்று எழுதினால், ஒரு வாரம் கழித்து நடந்ததா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய சிறு கேள்விகளாகக் கேளுங்கள். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே மனத்துக்குள் பத்து எண்ணும் அளவுக்குக் காத்திருங்கள். அவர் முடிக்கத் தவிக்கும் சொல்லை முந்திக்கொண்டு நீங்கள் முடிக்க வேண்டாம். இன்னொன்று: பேச்சு போனவர்களில் பலருக்குப் பழகிய பாட்டும் பிரார்த்தனையும் எண்ணிக்கையும் போவதில்லை. ஆச்சி சிறுவயதிலிருந்து பாடிய பாட்டு எதுவென்று வீட்டாரிடம் கேட்டு, முதல் அடியை நீங்கள் எடுத்துக்கொடுத்துப் பாருங்கள்.

டொனால்டு ஷான் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வேலை முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது. மற்றொன்று, வேலை நடக்கும்போதே அதைக் கவனித்து வழியை மாற்றிக்கொள்வது. முதலாவதை எழுதி எழுதிப் பழகியவர்களுக்கே இரண்டாவது கைகூடுகிறது என்பது என் அனுபவம். இன்று நீங்கள் எழுதும் ஒரு பக்கம், ஒருநாள் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்த வைக்கும். பிரிட்டனில் செவிலியர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, தம் வேலையைப் பற்றிச் சிந்தித்து எழுதிய ஐந்து குறிப்புகள் இருக்க வேண்டும் என்பதும், அவற்றைச் சக செவிலியர் ஒருவருடன் அமர்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதும் 2016 முதல் விதி. நம் ஊர்ப் பராமரிப்பாளர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. உங்களிடம் ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான் குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் பெரியவர் ஒருவர், "ராத்திரியானா உள்ளங்கால் காந்துது தாயி" என்று மூன்று நாள் என்னிடம் சொன்னார். மூன்று நாளும் "கால் வலி" என்று எழுதினேன்; வலி மாத்திரை கொடுத்தோம். நான்காம் நாள் மூத்த செவிலியர் ஒருவர் அவரிடம் நின்று கேட்டு, "காந்துது" என்ற சொல்லை அப்படியே எழுதி மருத்துவரிடம் காட்டினார். அது சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டதன் எரிச்சல். உளையுது, கடுக்குது, குத்துது, காந்துது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்று இத்தனை சொற்களை நம் மக்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நோவைச் சொல்கிறது. அவற்றையெல்லாம் "வலி" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடியது நான். அன்று இரவு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

உங்கள் நோட்டில் ஆச்சியின் பெயரோ வீட்டு விவரமோ வேண்டாம். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். விளக்கமாகச் சொல்லி "புரிஞ்சுதா மதினி?" என்று கேட்டால் எல்லோரும் "சரி, சரி" என்கிறார்கள். அடுத்த மாதம் போனால் பாதி அட்டை அப்படியே இருக்கிறது. நான் பேசுவதில் என்ன குறை?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: "புரிஞ்சுதா?" என்ற கேள்விதான் குறை. வீட்டுக்கு வந்து உதவுகிற பெண்ணிடம் "புரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது; "சரி" என்பது அங்கே மரியாதைச் சொல். சொன்னதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைக்கும் முறை ஒன்று உலகமெங்கும் கையாளப்படுகிறது. தேர்வு வைப்பதுபோல் இல்லாமல், பாரத்தை உங்கள்மேல் போட்டுக்கொண்டு கேளுங்கள்: "நான் ஒழுங்காச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு மதினி. அண்ணாச்சி சாயங்காலம் வந்து கேட்டா, இந்த மாத்திரைய எப்பப் போடணும், எதுக்குன்னு என்ன சொல்லுவீக?" அவர் சொல்லும் பதிலில் எங்கே பிசகுகிறதோ அந்த இடத்தை மட்டும் வேறு சொல்லில் சொல்லி, மறுபடியும் கேளுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம்.

மடியில் சொளகை வைத்துக்கொண்டு சுற்றுகிறவரின் கணக்கு, அன்றைக்குள் எத்தனை பீடி என்பது. "கையை நிறுத்திவிட்டு என்னைக் கவனியுங்கள்" என்று சொன்னால் உங்களை அனுப்பிவைக்கவே "சரி" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றும் வேகத்துக்கு ஏற்பப் பேசுங்கள். பீடிக்கடையில் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு போனால் இன்னும் நல்லது. மாத்திரை ஏன் நின்றது என்பதையும் குற்றம்சாட்டாமல் கேளுங்கள். "மேலுக்கு நல்லாத்தான இருக்கு" என்ற பதில் வரலாம். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கிற நோய் என்பதும், நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தியாக இருக்கும். 2021 ஆகஸ்ட் 5-இல் இத்திட்டம் தொடங்கியபோது மாத்திரை வாசலுக்கு வந்தது. அதை வாய்வரை கொண்டுபோவது உங்கள் பேச்சுதான்.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 81. கத்திப் பேசினாலும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டார் நாங்கள் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள்.
– ஒரு வாசகி, பேட்டை

பதில்: முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிட்டு, கேட்புச் சோதனை செய்து கருவி தேவையா என்று கேளுங்கள். வயதானால் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. கத்தும்போது குரல் மேலே ஏறி, முகமும் கடுத்து, அவருக்கு இன்னும் விளங்காமல் போகிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி அவருக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, சிறு வாக்கியங்களாகச் சொல்லுங்கள். விளங்காத சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல் போடுங்கள். செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி, உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், பாளையங்கோட்டையில் இருக்கிறது. கண்ணாலும் கையாலும் பேசுவது நம் ஊருக்குப் புதிதல்ல.

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு வயது 72. குடலில் புற்றுநோய், முற்றிய நிலை என்று மருத்துவர் எங்களிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் மூவரும் முடிவு செய்தோம். வீட்டுக்கு வரும் செவிலியரோ, "நானாகச் சொல்ல மாட்டேன், ஐயா என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்கிறார். அவரை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மாற்ற வேண்டாம். அவர் சொன்னது சரி. அப்படிச் சொல்லத் துணிவும் வேண்டும்.

நீங்கள் மறைப்பது அன்பினால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்பா உடைந்துபோவார் என்ற பயத்தில் நீங்கள் மறைக்கிறீர்கள். ஆனால் எடை குறைவதும், பிள்ளைகள் மூவரும் முறைவைத்து ஊருக்கு வருவதும், அவர் நுழைந்ததும் பேச்சு நிற்பதும் அவர் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? இப்படிப்பட்ட பல வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பிள்ளைகள் வெளியே போனதும், "எனக்குத் தெரியும்மா. பிள்ளையள் சங்கடப்படும்னுதான் நான் கேக்கல" என்று என் கையைப் பிடித்துச் சொன்ன பெரியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, மீதியிருக்கும் நாட்களில் பேசாமலே இருந்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வதற்கென்று மருத்துவர்கள் ஒரு முறையை 2000-ஆம் ஆண்டில் ஆறு படிகளாக எழுதிவைத்தார்கள். அதில் செய்தியைச் சொல்லும் படி நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் இடத்தை அமைதியாக்கி உட்கார்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது ஆகிய மூன்றும் வருகின்றன. ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் மூவரும் கூடி முடிவு செய்வதற்கு முன், அவரிடமே கேளுங்கள்: "உங்க உடம்புக்கு என்னன்னு நெனைக்கீங்கப்பா? டாக்டர் சொன்னத முழுசாத் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கிடட்டுமா?" சிலர் "நீங்களே பாத்துக்கிடுங்க" என்பார்கள்; அதுவும் அவர் உரிமை, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள விரும்பினால் அதைத் தடுக்க நமக்கு உரிமை கிடையாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தில், தம் நோயைப் பற்றிய தகவலைப் பெறும் உரிமைதான் முதலில் நிற்கிறது.

அவருக்கு முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கலாம். ஒரு பட்டா மாற்றமோ, பேச்சு நின்றுபோன ஒரு தம்பியோ, வரும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு ஒருமுறை போய் வரும் ஆசையோ இருக்கலாம். நோயின் நிலை தெரியாதவர் "உடம்பு தேறட்டும், பார்ப்போம்" என்று அதையெல்லாம் தள்ளிவைத்துக்கொண்டே இருப்பார்.

செவிலியர் வரும் ஒரு சாயங்காலத்தில் உங்களில் ஒருவர் மட்டும் அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். மற்ற இருவரும் அடுத்த அறையில் இருக்கட்டும். அவர் அழுதால் உடனே ஆறுதல் சொல்லாமல் சற்று நேரம் கூடவே இருங்கள். அன்று இரவு, அவர் என்ன கேட்டார் என்பதை அவருடைய சொற்களிலேயே நீங்களும் செவிலியரும் தனித்தனியே எழுதி, மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் காதில் விழுந்த கேள்வி மற்றவர் தாளில் இல்லாமல் இருக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய், அந்தக் கேள்விகளை அவரையே கேட்க விடுங்கள்.