கேப்டன் நீமோ எந்த நாட்டுக்காரர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

(அறிவியல் புனைகதை பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கடலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஜூல்ஸ் வெர்னின் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ கதையில் வரும் கேப்டன் நீமோ ஓர் இந்தியர் என்று என் தாத்தா அடித்துச் சொல்கிறார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், வெர்னைப் பிரெஞ்சிலேயே படித்தவர். நான் படித்த சுருக்கப் பதிப்பில் அப்படி எதுவும் இல்லையே?
– கல்லூரி மாணவி, வில்லியனூர்

பதில்: தாத்தா சொல்வது சரி. 1875-இல் நிறைவுபெற்ற ‘மர்மத் தீவு’ நாவலின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். சாகும் தறுவாயில் நீமோ தான் யார் என்று அங்கேதான் சொல்கிறார். இயற்பெயர் தக்கார். புந்தேல்கண்ட் அரசரின் மகன், திப்பு சுல்தானுக்கு உறவினர், ஐரோப்பாவில் படித்தவர். 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தையே பறிகொடுத்தவர். வெர்ன் முதலில் அவரை ரஷ்யரால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரராகத்தான் மனத்தில் வைத்திருந்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்காமல் போய்விடும் என்று பதிப்பாளர் எட்செல் அதை மறுத்துவிட்டார்.

ஆனால் முதல் நாவலிலேயே ஒரு காட்சி இருக்கிறது. உங்கள் பதிப்பில் அதை வெட்டியிருந்தால் பெரிய அநியாயம். நீமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவர் காலிடுக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு அடியில் இறங்குகிறார். சிப்பிகளைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு மூச்சு முட்ட மேலே போகிறார், மறுபடி இறங்குகிறார். அவர்மேல் சுறா பாய்கிறது. நீமோ கையில் குத்துவாளோடு சுறாவின் எதிரே போய் நிற்கிறார். மனிதர் கண் விழித்ததும் அவர் கையில் ஒரு முத்துப்பையை வைத்துவிட்டுத் திரும்புகிறார். பிறகு கப்பலில் தம்மோடு இருக்கும் பேராசிரியரிடம் சொல்கிறார்: அந்த இந்தியர் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவர், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டைச் சேர்ந்தவன்தான். பெயர் சொல்லப்படாத அந்த முத்துக்குளிப்பவர் தமிழ் பேசியிருப்பார் என்றே நான் நம்புகிறேன். நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய கதை என்று இதைச் சொல்வது எனக்குப் போதாது. நாட்டை இழந்த ஒருவர் கடலை நாடாக்கிக்கொண்ட கதை இது.

கேள்வி: புயலைத் தடுத்து நிறுத்துவதாக யாராவது கதை எழுதியிருக்கிறார்களா? தானே புயலில் படகையும் வலையையும் இழந்தவன் கேட்கிறேன்.
– மீனவர், தேவனாம்பட்டினம்

பதில்: எழுதியிருக்கிறார்கள், ஐயா. அதுவும் நம் வங்கக் கடல் புயலைப் பற்றித்தான். எழுதியவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ், ஆண்டு 1896. கல்கத்தாவைத் தாக்கப்போகிறது என்று அறிவிக்கப்பட்ட புயல் வரவே இல்லை. அது எங்கே போயிற்று என்று வானிலை அறிஞர்களுக்கு விளங்கவில்லை. கப்பலில் இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த வழுக்கைத் தலையர் ஒருவருக்கு மட்டும் காரணம் தெரியும். மலைபோல் அலை எழுந்தபோது, தம்மிடமிருந்த கூந்தல் தைலப் புட்டியைக் கடலில் எறிந்தவர் அவர்! தைல வியாபாரி ஒருவர் நடத்திய கதைப் போட்டிக்காக எழுதியது, பரிசும் பெற்றது.

சிரிப்பூட்டும் கதைதான். ஆனாலும் அதன் அடியில் உண்மையான இயற்பியல் இருக்கிறது. எண்ணெய் நீர்மேல் மிக மெல்லிய படலமாகப் பரவிச் சிற்றலைகளை அடக்கும். லண்டன் அருகே ஒரு குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆனதைப் பார்த்து எழுதியிருக்கிறார். புயல் அதற்கு அடங்காது. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலே போய்க் குளிரும்போது விடும் வெப்பம்தான் புயலின் தீனி. அந்தக் கொந்தளிப்பில் எண்ணெய்ப் படலம் கிழிந்து சிதறிவிடும்.

2011 டிசம்பர் 30 காலை தானே நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அதன்பின் பண்ருட்டிப் பக்கம் போயிருந்தேன். வேரோடு சாய்ந்த பலா மரத்தின் அடிமரத்தில் விரலளவுப் பிஞ்சுகள் வாடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மரத்துக்கு உரியவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்குப் போஸின் கதைதான் நினைவுக்கு வந்தது. ஒரு புட்டி தைலத்தில் புயல் அடங்கிவிடாதா என்று ஏங்குவது கரையோரத்து மனிதருக்கு மட்டுமே தெரிந்த ஏக்கம். அந்த ஏக்கத்தை நம் நாட்டு விஞ்ஞானி ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்பே கதையாக்கியிருக்கிறார்.

கேள்வி: அறிவியல் புனைகதை ஆண்களின் துறைதானா?
– இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லவே இல்லை. தொடங்கிவைத்தவரே ஒரு பெண் என்று பலரும் கருதுகிறார்கள். மேரி ஷெல்லி ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. 1818-இல் அவர் பெயர் இல்லாமலேயே அது வெளிவந்தது. தான் உண்டாக்கிய உயிரைப் பார்த்து அருவருத்து, அதை அநாதையாக விட்டு ஓடியவனின் கதை.

நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது ரொக்கேயா சகாவத் உசேனின் ‘சுல்தானாவின் கனவு’. 1905-இல் நம் சென்னையிலிருந்து வந்த மகளிர் இதழில்தான் அது அச்சானது. கனவில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் முடங்கியிருக்க, பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். பலூனில் குழாய்களைப் பொருத்தி மேகத்திலிருந்து நேராக நீரை எடுக்கிறார்கள். வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே வெயிலைப் பாய்ச்சி எதிரிப் படையை விரட்டுகிறார்கள். அடுப்படியில் புகையும் இல்லை, கரியும் இல்லை. பெண்ணைத் தவிர வேறு யாருக்கு இது முதலில் தோன்றியிருக்கும்?

கேள்வி: ரோபோக்கள் மனிதனை எதிர்ப்பதாகவே ஏன் எழுதுகிறார்கள்?
– ஒப்பந்தத் தொழிலாளி, நெய்வேலி

பதில்: ரோபோவை முதலில் மேடையேற்றிய செக் எழுத்தாளர் கரேல் சாபெக், உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் எழுதினார். 1921-இல் பிராகில் அரங்கேறிய அவருடைய நாடகத்தில், ஓய்வில்லாமல் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவர்கள் ஒருநாள் எழுந்து மனிதரையெல்லாம் கொன்றுவிடுகிறார்கள். ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அவர் கட்டடம் கட்டுபவர், தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதுதான் காரணம். இயந்திரத்தைப் பற்றிய பயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

எல்லாரும் எதிர்ப்பாகவே எழுதவும் இல்லை. எழுத்தாளர் ஐசக் அசிமோவ், ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யாதிருக்க 1942-இல் மூன்று விதிகளை வகுத்தார். நம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படித்துச் சிந்திக்கக் கற்றுக்கொண்டு, சர்வாதிகார ஆட்சியில் தனித்து நிற்கும் நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாகிறது.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் செயற்கைக்கோளை முன்கூட்டியே சொன்னார் அல்லவா? வருங்காலத்தைச் சரியாகச் சொல்பவர்தானே நல்ல அறிவியல் எழுத்தாளர்?
– பள்ளி ஆசிரியர், பரங்கிப்பேட்டை

பதில்: இந்த அளவுகோலை நான் ஏற்கமாட்டேன். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிறுத்தும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகம் முழுவதும் தொடர்புகொள்ளலாம் என்று 1945-இல் கிளார்க் எழுதியது கட்டுரை, கதை இல்லை. அவருடைய கதை வேண்டுமென்றால் 1979-இல் வந்த ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ நாவலைப் படியுங்கள். விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட வேண்டும், அதற்குரிய மலையின் உச்சியிலோ பழமையான துறவிமடம் இருக்கிறது. இலங்கையில் குடியேறிய கிளார்க், கதைக்காக அந்தத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்குத் தள்ளிவைத்தார்! மின்தூக்கி இன்றுவரை வரவில்லை, அதனால் நாவலுக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய திட்டம் ஒன்று வரும்போது ஏற்கெனவே அங்கே இருப்பவர்களை என்ன செய்வது என்பதுதானே அதன் கேள்வி? 1956-இல் அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கோணேசுவரம் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் அறிவியல் கதை எழுத ஆசை. எதைப் பற்றி எழுதலாம்?
– பிளஸ் ஒன் மாணவன், கடலூர் முதுநகர்

பதில்: செவ்வாய்க்குப் போக வேண்டாம், தம்பி. கரையோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்குமேல் உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறு உப்பாகிவிடும். இது நடக்கிற விஷயம். இதோடு ஒரே ஒரு கற்பனையைச் சேர்: உப்பைக் கரும்பச்சை இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு புது மரம். அது யாருடைய நிலத்தில் முளைக்கிறது, விதையை யார் பூட்டி வைக்கிறார்கள், உன் தெருவில் குடத்தோடு நிற்கும் அம்மாவுக்கு அந்த நீர் கிடைக்கிறதா என்று எழுதிக்கொண்டே போ. மரத்துக்கு இன்னொரு அதிசய சக்தியைக் கொடுத்துவிடாதே, கதை கெட்டுவிடும். முடித்ததும் இந்தப் பகுதிக்கே அனுப்பு. முழுவதும் படித்துப் பதில் எழுதுகிறேன்.