கேட்காமல் வரும் விற்பனை அழைப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"தினமும் ஏழெட்டு லோன் கால் வருகிறது. 250 கோடி அபராதம் என்கிறார்களே, புகார் செய்தால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" (பாளையங்கோட்டை வாசகர்)

ஒரு பைசாவும் கிடைக்காது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி விதிக்கப்படும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். 250 கோடி என்பதும் உங்கள் விஷயத்துக்கு இல்லை. அது தரவைப் பத்திரமாக வைக்காமல் கசியவிட்டவர்களுக்கு. ஒப்புதல் இல்லாமல் நம்பரை எடுத்து விற்பனைக்குப் பயன்படுத்தினால் உச்சவரம்பு 50 கோடி. மீறலின் தன்மையைப் பார்த்து, இந்தச் சட்டப்படி விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் எவ்வளவு குறைவாகவும் விதிக்கலாம். அப்புறம், இந்தப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன. இன்றைக்குக் கைகொடுப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள்தான்.

"மனை விற்பவர்கள் தொல்லை தாங்கவில்லை. நம்பரை பிளாக் செய்து அழித்தும்விட்டேன். எந்தத் தேதி என்று நினைவில்லை. நடவடிக்கை எடுக்கலாமா?" (வள்ளியூர் வாசகர்)

எதை வைத்து எடுப்பது? நம்பரும் தேதியும் இல்லாமல் புகார் இல்லை. எத்தனையோ முறை எழுதியாயிற்று: அழிக்காதீர்கள், ஏழு நாளுக்குள் 1909 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். நம்பர், தேதி, எதை விற்றார்கள் என்று ஒரு வரி, இவ்வளவு போதும். டிராயின் டிஎன்டி ('தொல்லை வேண்டாம்' என்று பதிந்துகொள்ளும் வசதி) செயலியிலும் செய்யலாம். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து விற்பவர்மீது புகார் சொல்ல நீங்கள் டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்கும். முதல் தடவை 15 நாள் அவர்களிடமிருந்து அழைப்பு போகாது. மறுபடி செய்தால் எல்லா இணைப்பும் ஒரு வருடத்துக்குத் துண்டிப்பு. அதனால் அதே கால் வந்த பக்கத்து வீட்டுக்காரரையும் புகார் செய்யச் சொல்லுங்கள்.

"மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். ரிசல்ட் வருமுன்பே கல்லூரிகளிலிருந்து கால். அவள் பெயர், குரூப், என் பெயர் எல்லாம் சொல்கிறார்கள். பள்ளியில் கேட்டால், 'அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டீர்களே' என்கிறார்கள்." (வீரவநல்லூர் வாசகர்)

ஏப்ரல், மே வந்தாலே அம்பை, சேரன்மகாதேவி, நாங்குநேரிப் பக்கமிருந்து இதே கடிதம்தான் வருகிறது. எனக்குக் கோபம் வருகிற விஷயமும் இதுதான். குரூப்பும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே பட்டியலில் இருப்பது பள்ளி ஆவணத்தில். அது வெளியே போகாமல் அந்த கால் வந்திருக்குமா?

கையெழுத்துக் கதையை ஏற்காதீர்கள். பள்ளியில் சேர்க்கத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். ஒன்றுக்குக் கொடுத்த நம்பர் இன்னொன்றுக்கு ஒப்புதல் ஆகாது. புதுச் சட்டப்படி, எதற்காக என்று குறிப்பாகச் சொல்லி, கேட்பவருக்குத் தமிழிலும் படிக்கக் கொடுத்து, நிபந்தனை போடாமல் வாங்கியதுதான் ஒப்புதல். பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'தகவல்கள் பயன்படுத்தப்படலாம்' என்று ஒரு வரி இருப்பது எதற்கும் காணாது. முறையாக வாங்கினோம் என்று நிரூபிக்க வேண்டியதும் வாங்கியவர் பொறுப்பு.

பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வயது 17. சட்டத்தின் கண்ணில் 18 முடியும்வரை குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரமும் கூடாது. மீறினால் 200 கோடி வரை. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை படிப்புக்கும் பாதுகாப்புக்கும். பட்டியலைக் கைமாற்றுவதற்கு இல்லை.

2027 வரை காத்திருக்க வேண்டாம். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கேளுங்கள்: என் மகள் விவரத்தை யாருக்குக் கொடுத்தீர்கள், யார் அனுமதித்தது? ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. கால் செய்தவரிடம் சண்டை போடாமல், நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டுக் கல்லூரிப் பெயரோடு குறித்து வையுங்கள். பிறகு ஏழு நாளுக்குள் 1909.

"கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். பழைய பில்லில் இருந்த எண்ணூறு நம்பருக்குத் தீபாவளி ஆஃபர் அனுப்பலாமா?"

அனுப்பாதீர்கள். பில்லுக்காகச் சொன்ன நம்பர் பில்லுக்குத்தான். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்கு ஆகாது என்பது சிறு வியாபாரிக்கும் பொருந்தும். இனி வாங்க வருகிறவர்களிடம், 'புதுச் சரக்கு வந்தால் சொல்லட்டுமா?' என்று தனியாகக் கேட்டு, தேதியோடு பதிந்து வையுங்கள். மொத்த எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு (அனுப்புகிறவர் தொலைபேசி நிறுவனத்திடம் செய்யும் பதிவு) இல்லாமல் தொடவே கூடாது.

"1600-இல் தொடங்கும் நம்பரிலிருந்து பேங்க் பேசுகிறது. நம்பலாமா?" (தென்காசி வாசகி)

அது சேவை அழைப்புக்கு ஒதுக்கிய வரிசை. விற்பனைக்கு 140. எந்த வரிசையில் வந்தாலும் ஓடிபி சொல்லாதீர்கள்.

"டிஎன்டி போட்டும் வாட்ஸ்ஆப்பில் விளம்பரம் வருகிறதே?" (பேட்டை வாசகர்)

டிஎன்டி சாதாரண அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். வாட்ஸ்ஆப்பில் பிளாக், ரிப்போர்ட் இரண்டையும் செய்யுங்கள். அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.