பொதுத் தடத்தில் பூட்டு, வீட்டுத் தையல்மீது புகார்

வாசகியின் கேள்வி:

எங்களுடையது திருப்பூர் அருகே ஒரு பின்வீடு. என் மாமனாரும் அவருடைய அண்ணனும் 1998-இல் பாகம் பிரித்தபோது, ரோட்டோரப் பாதி அண்ணனுக்கும் பின்பாதி மாமனாருக்கும் வந்தன. ரோட்டிலிருந்து எங்கள் வாசல்வரை கிழக்கு ஓரமாகப் பத்தடித் தடம் உண்டு. வேறு வழி கிடையாது. அந்தக் காலத்தில் மாமனாரின் மாட்டு வண்டி அதன் வழியாகத்தான் வந்துபோகும். இரண்டு வருடங்களுக்கு முன் முன்வீட்டைப் பெரிய மாமனாரின் மகன்கள் வெளியாருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தடத்தின் முகப்பில் இரும்பு கேட் போட்டார். எட்டு மாதமாக இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறார், சாவி தருவதில்லை. பகலில் தன் காரைத் தடத்திலேயே நிறுத்துகிறார். நான் ஆறு வருடமாக வீட்டில் நான்கு தையல் மெஷின் போட்டு, பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். உடன் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். தினம் இரண்டு முறை டெம்போ வரும். "வீட்டுக்கு விட்ட வழி இது, கம்பெனி நடத்த அல்ல" என்று சொல்லி, உள்ளாட்சி அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் புகார் கொடுத்திருக்கிறார். போன மாதம் ஓர் இரவில் மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். பூட்டை உடைத்துவிடலாம் என்கிறான் என் தம்பி. உடைக்கலாமா? என் தொழிலை அவர் நிறுத்திவிட முடியுமா?

வழக்கறிஞரின் பதில்:

பூட்டை உடைக்காதீர்கள், அம்மா. உங்கள் தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வழியுரிமை உள்ளவர், அதை மறித்து வைத்த தடையைத் தானே அகற்றக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் (வழக்கமாக ஈஸ்மெண்ட் சட்டம் என்பார்கள்) 36-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. தடம் உங்களுக்கும் கூட்டுச் சொத்து என்றாலும்கூட, உடைத்த மறுநாள் சொத்துச் சேதப் புகார் உங்கள் தம்பியின் பெயரில் ஏறும். இன்றுவரை வழியை மறித்தவர் முன்வீட்டுக்காரர். அந்த ஒரு நிமிடத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

நோயாளியை நாற்காலியில் தூக்கிச் சென்றதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்போது ஒரே வழியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள யாருக்கும் நியாயம் கிடையாது. நீதிமன்றத்தில் உங்களுக்கு முதலில் கைகொடுக்கப் போவதும் இந்தச் சம்பவம்தான். அன்றைய மருத்துவமனைச் சீட்டு, ஆம்புலன்ஸை அழைத்த தொலைபேசிப் பதிவு, தேதி, நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே இரண்டு சண்டைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தடம், மற்றொன்று தையல். அவற்றை ஒன்றாக்குவதில்தான் முன்வீட்டுக்காரருக்கு லாபம். உங்கள் தொழிலில் ஒரு உரிமம் குறைவாக இருந்தால் அதற்காக வழியுரிமை போய்விடாது. வழியுரிமை இருப்பதாலேயே தொழிலுக்கு வேண்டிய அனுமதிகள் தேவையில்லை என்றும் ஆகிவிடாது. வழக்கு முடியும்வரை இந்த இரண்டையும் தனித்தனியாகவே கையாளுங்கள்.

தடத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் 1998 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சொற்களில் இருக்கிறது. நீங்கள் அதை அனுப்பவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதோடு, முன்வீட்டுக்காரர் வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலையும் கட்டாயம் எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அவருடைய பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) "கிழக்கில் பத்தடி பொதுத்தடம்" என்று எழுதியிருந்தால், அவர் காசு கொடுத்து வாங்கிய காகிதமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். "நான் புதிதாக வாங்கியவன், எனக்குத் தெரியாது" என்ற பேச்சும் எடுபடாது. பதிவான பத்திரத்தில் உள்ளதை, அந்தச் சொத்தை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சட்டம் கருதும்.

உங்கள் பத்திரத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். தடம் யாருடையது என்பது முதலாவது. "இரு பாகஸ்தர்களும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பதுபோல் இருந்தால், தடம் இருவருக்கும் கூட்டுச் சொத்து. ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரை வெளியே தள்ளிப் பூட்ட முடியாது. தடத்தின் நிலம் முன்வீட்டுப் பாகத்தில் சேர்ந்து, பின்பாகத்துக்குத் "தடப்பாத்தியதை" மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், உங்களுக்கு இருப்பது ஈஸ்மெண்ட் உரிமை, அதாவது பிறர் நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. தன் சொந்த நிலத்தின்மேல் யாருக்கும் ஈஸ்மெண்ட் இருக்க முடியாது என்பதால், வாதுரையில் (வழக்கைத் தொடங்க நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவில்) இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றை முதன்மையாகவும் மற்றதை மாற்று வாதமாகவும் தெளிவாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

எந்த வகையான வழி என்பது இரண்டாவது. முன்வீட்டுக்காரரின் வாதத்தில் கொஞ்சம் சரக்கு இருப்பது இங்கேதான். அதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்கிறது அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு. ஆள் நடக்க விட்ட பாதையில் டெம்போ ஓட்ட உரிமை கேட்க முடியாது. ஆனால் நம் பகுதிப் பழைய பத்திரங்களில் பெரும்பாலும் "ஆள், கால்நடை, வண்டி வாகனாதிகள் சென்று வர" என்றே எழுதியிருப்பார்கள். உங்கள் பத்திரத்திலும் அப்படி இருந்தால் டெம்போவுக்கு வழி இருக்கிறது. மாட்டு வண்டி போன இடத்தில் இன்று மோட்டார் வண்டி போவது முறையின் மாற்றம்தான். அதனால் எதிர் நிலத்தின்மேல் கூடுதல் சுமை ஏறக் கூடாது, அவ்வளவே. பத்தடி அகலம் விட்டிருப்பதே வண்டிக்காக என்று வாதிடலாம். நடப்பதற்கு யாரும் பத்தடி விடுவதில்லை. மாமனாரின் மாட்டு வண்டியைப் பார்த்த பெரியவர்கள் தெருவில் இருந்தால், அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

பத்திரத்தில் எதுவுமே இல்லை என்றாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. ஒரே சொத்தைப் பிரித்ததில் ஒரு பாகம் வழியில்லாமல் அடைபட்டால், மற்ற பாகத்தின் வழியாகப் போக 13-ஆவது பிரிவு அவசிய வழியுரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை, பிரித்த நாளில் இருந்த அவசியத்தின் அளவுக்கு மட்டுமே; டெம்போ சரக்குக்கு அது போதாமல் போகலாம். இருபது வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக அனுபவித்ததால் வரும் உரிமை (15-ஆவது பிரிவு) இன்னொரு மாற்று வாதம். அதில் ஒரு கெடு இருக்கிறது: அந்த இருபது வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பூட்டு விழுந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதை ஊர்ப் பஞ்சாயத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பாதுகாப்புக்காக கேட் போடுவதை மட்டும் வைத்துப் பெரிய இடையூறு என்று நிரூபிப்பது கடினம். பூட்டும், சாவி தராததும்தான் இடையூறு. அங்கே அழுத்துங்கள். காரும் அப்படித்தான்: வழி என்பது போய்வர, நிறுத்திவைக்க அல்ல. இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். டெம்போ நின்று பீஸ் மூட்டைகளை இறக்கும் நேரம் போக்குவரத்தின் பகுதி. மூட்டைகளைத் தடத்தில் அடுக்கி வைப்பது ஆக்கிரமிப்பு. அப்படி ஒரு பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

காவல் நிலையத்தில் ஏன் அனுப்பிவிட்டார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வழிமறிப்பு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 126-ஆவது பிரிவில் குற்றம்தான். ஒரு மாதம்வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் தனியார் வழியைத் தடுக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை இருப்பதாக ஒருவர் நல்லெண்ணத்தோடு நம்பித் தடுத்தால் அது குற்றமல்ல என்று அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. முன்வீட்டுக்காரர் அதற்குள் ஒளிந்துகொள்கிறார். அவர் மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ அது வேறு. அதற்குத் தனிப் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்று வாங்குங்கள். கைகலப்பு வரும் நிலை இருந்தால், கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 166-ஆவது பிரிவின் கீழ் மனு கொடுக்கலாம். நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறுக்கென்றே உள்ள பிரிவு அது. விசாரணைக்குக் காரணமான தகவல் கோட்டாட்சியருக்குக் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்த உரிமையை நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். எனவே பகலில் தடத்தைத் தவறாமல் பயன்படுத்துங்கள். படங்களும் எடுத்து வையுங்கள்.

உண்மையான தீர்வு சிவில் நீதிமன்றத்தில்தான். வழியுரிமையை அறிவிக்கவும், மறிக்காமல் இருக்க நிரந்தரத் தடை உத்தரவும், பூட்டை அகற்றச் செயலுறுத்துக் கட்டளையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கோடு சேர்த்தே இடைக்கால உத்தரவுக்கும் மனுப் போட வேண்டும். குறைந்தபட்சம் ஒரு சாவியாவது உடனே கைக்கு வர வேண்டும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நேரில் வந்து, நில அளவரோடு அளந்து, கேட்டும் காரும் நிற்பதை அறிக்கையாகத் தரவும் மனுச் செய்யுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் எதிரி சொல்லும் பல கதைகள் ஆணையர் அறிக்கையோடு முடிந்துவிடும்.

அந்த வாதுரையில் உங்கள் தையல் தொழிலை ஒளிக்காதீர்கள். தடை உத்தரவு கேட்பவர் உண்மையை மறைத்தார் என்று தெரிந்தால், நல்ல வழக்கும் இடைக்கால உத்தரவு கிடைக்காமல் நொண்டும். நான்கு மெஷின், மூன்று பெண்கள், தினம் இரண்டு முறை டெம்போ என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

இனித் தையல். முன்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்பதற்காக யாரும் வந்து உங்கள் மெஷினை நிறுத்திவிட முடியாது. உள்ளாட்சி அதிகாரி முதலில் நோட்டீஸ் கொடுத்து உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தொழில் உரிமம் தேவையா என்று அதற்கு முன்பே நீங்களே போய்க் கேட்டு, தேவை என்றால் விண்ணப்பித்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், அதையும் செய்யுங்கள். ஆனால் அது உள்ளாட்சி உரிமத்துக்கு ஈடாகாது.

எனக்குக் கவலை தருவது மின்வாரியப் புகார்தான். வீட்டு இணைப்பிலிருந்து நான்கு மெஷின் ஓடினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அதை அனுமதியற்ற பயன்பாடு என்று மதிப்பிட்டு, உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு கேட்க முடியும். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால், ஆய்வு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்புத் தந்த பிறகே இறுதி உத்தரவு போட முடியும். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அதற்குப் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். ஆய்வுக்கு வரும்வரை காத்திருக்காமல், உங்கள் தொழிலுக்குரிய கட்டணப் பிரிவில் தனி இணைப்புக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சத்தம் பற்றியும் அவர் எழுதியிருப்பார். குடியிருப்புப் பகுதியில் காலை ஆறு முதல் இரவு பத்துவரை 55 டெசிபல், அதன் பிறகு 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. ஷிப்மெண்ட் அவசரத்தில் நள்ளிரவுவரை தைக்கும் வழக்கம் திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அது வேண்டாம். மெஷின் கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர் வையுங்கள்; இரவு எட்டு மணியோடு நிறுத்துங்கள். அந்த மூன்று பெண்களின் கூலியும் இதில்தான் இருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். வழக்குக்கு முன்பே முன்வீட்டுக்காரரைச் சமரசத்துக்கு அழைக்கவும் அங்கே மனுக் கொடுக்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது.

சமரசத்தை நான் மனதார விரும்புகிறேன். கேட் இருக்கட்டும், சாவி இருவருக்கும். காரை அவர் வீட்டுக்குள் நிறுத்தட்டும். டெம்போ காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம். நீங்கள் இருவரும் இதில் வாழ முடியும். ஆனால் இந்தப் பேச்சு வரும்போது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், அதைக் கவனமாகப் படியுங்கள். "முன்வீட்டுக்காரரின் அனுமதியின்பேரில் தடத்தைப் பயன்படுத்தி வருகிறேன்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், சாவி கிடைக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அனுமதியின்பேரில் நடப்பவருக்கு உரிமை வளராது. அனுமதியை அவர் நாளையே திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். 1998 பத்திரத்தின்படி உங்களுக்குள்ள உரிமையை அவர் ஒப்புக்கொள்வதாக எழுதி, உங்கள் வழக்கறிஞர் படித்த பிறகு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.