ஆய்வேட்டை முடிக்கும் வேளையில்: வேதியியல் கேள்வி பதில்

முதுநிலை ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் கேட்டவை இவை. என் களம் கரிமத் தொகுப்பு வேதியியல். அதற்கு வெளியே போனால் கைவிரித்துவிடுவேன்.

கேள்வி: ஐயா, நெறியாளர் எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார். முன்னுரையைத் திறந்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பத்திகூடத் தேறவில்லை.

பதில்: முன்னுரையை மூடிவையுங்கள். அது கடைசியில் எழுத வேண்டியது. செய்முறைப் பகுதியில் தொடங்குங்கள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு பத்தி: எடுத்த அளவு கிராமிலும் மில்லிமோலிலும், கரைப்பான், வெப்பநிலை, நேரம், வினையை எப்படி நிறுத்தினீர்கள், எப்படித் தூய்மைப்படுத்தினீர்கள், விளைச்சல், உருகுநிலை, புரோட்டான், கார்பன் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), அகச்சிவப்பு, நிறை நிறமாலை. மூளைக்கு வேலையில்லாத எழுத்து என்று தோன்றும். ஆனால் ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுப்பது இதுதான். ஏழாம் சேர்மத்துக்குக் கார்பன் நிறமாலையே எடுக்கவில்லை, பதினோராம் சேர்மத்தில் இருபது கோடுகள் வர வேண்டிய இடத்தில் பதினெட்டுத்தான் என்பதெல்லாம் எழுதும்போதுதான் கண்ணில் படும். சேர்மம் குப்பியில் இருந்தால் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு தெரியவந்தால் முதல் படியிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும். பொருள் கையில் இருக்கும்போதே எழுதுங்கள். இதை இன்னும் சில முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வேடு எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் துறையின் விதிமுறை ஏட்டில் இருக்கும். அதில் இல்லையென்றால் நெறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் கடைசிப் படியின் விளைச்சல் 104 சதவீதம். நெறியாளரிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. 98 என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆனால் வெட்கப்படவும் தேவையில்லை, இது கணக்கு. எத்தில் அசிட்டேட்டைக் கரைப்பானாக வைத்துச் சிலிக்கா ஜெல் நெடுவரிசையில் தூய்மைப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குளோரோஃபார்மில் எடுத்த புரோட்டான் நிறமாலையில் எத்தில் அசிட்டேட்டின் கோடுகள் (4.12 பிபிஎம்-இல் நாற்கூறு, 2.05-இல் ஒற்றை, 1.26-இல் முக்கூறு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் விளைபொருளோடு கரைப்பானையும் சேர்த்து எடைபோட்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு என்பதையும் அதே நிறமாலை சொல்லும். உங்கள் பொருளின் ஒரு புரோட்டானுக்கான கோட்டின் பரப்பை 1.00 என்று வைத்தால், 2.05-இல் உள்ள மெத்திலின் பரப்பு 0.60 என்று வருகிறது என்று கொள்வோம். மெத்திலில் மூன்று புரோட்டான்கள், எனவே மூன்றால் வகுத்தால் 0.20. அதாவது ஒரு மோல் பொருளுக்கு 0.20 மோல் எத்தில் அசிட்டேட், நிறையில் 17.6 கிராம். உங்கள் மூலக்கூறு நிறை 255 என்றால், எடைபோட்டதில் சுமார் ஆறரை சதவீதம் கரைப்பான். 104 என்பது 97 ஆகிவிடும். நல்ல விளைச்சல்தான்! பொருள் குப்பியில் இருக்கிறது அல்லவா? உயர் வெற்றிடத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, அந்த எண்ணை எழுதுங்கள்.

கேள்வி: அடர்த்திச் சார்பியக் கணக்கீட்டில் எந்த அடிப்படைச் சார்புத் தொகுதியைத் தேர்வது?

பதில்: கணக்கீட்டு வேதியியலாளரைக் கேளுங்கள். நான் சொன்னால் இருவருமே கெட்டோம்.

கேள்வி: உயர்பகுதிறன் நிறை நிறமாலையில் நான்காம் தசம இடம்வரை பொருந்துகிறது. ஆனாலும் நெறியாளர் தனிமப் பகுப்பாய்வும் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதங்களை அளப்பது) வேண்டும் என்கிறார். பிடிவாதம்தானே?

பதில்: இல்லை. நிறை நிறமாலை அந்த மூலக்கூறு இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. பாதிக்குப் பாதி சிலிக்கா ஜெல் கலந்திருந்தாலும் அதே எண் அழகாக வரும். தூய்மைக்கு வேறு சாட்சி வேண்டும்.

கேள்வி: மன்னிக்க வேண்டும், மேலே உள்ள பதிலை ஏற்க முடியாது. ஒரே தூய மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிய பன்னாட்டு ஆய்வு 2022-இல் வெளிவந்ததே. கணக்கிட்ட மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் 0.4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்ற எல்லைக்குள் சில முடிவுகள் வரவில்லை. தனிமப் பகுப்பாய்வின் காலம் முடிந்துவிட்டது.

பதில்: அந்த ஆய்வை நானும் படித்தேன். 0.4 என்பது வழக்கத்தால் வந்த எல்லை, 0.45 வந்தவரை விரட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் எல்லையை மட்டும் பார்த்துவிட்டு எண்களைத் தூக்கி எறிகிறீர்கள். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சிலிக்காவோ உப்போ கலந்திருக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் குறைந்து ஹைட்ரஜன் மட்டும் ஏறியிருந்தால் முதலில் நீரைச் சந்தேகியுங்கள்.

பதினைந்து கார்பன், பதின்மூன்று ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன் கொண்ட சேர்மத்தை எடுங்கள். கார்பன் 70.58, ஹைட்ரஜன் 5.13 வர வேண்டும். மூலக்கூறுக்குக் கால் பங்கு நீர் ஒட்டியிருந்தால் கார்பன் 69.35, ஹைட்ரஜன் 5.24. நிறையில் அந்த நீர் 1.7 சதவீதம்தான்; கார்பன் 1.2 இறங்கிவிட்டது. இவ்வளவு பேசும் எண்ணை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கேள்வி: இருவருக்கும் நடுவில் வருகிறேன். அளவறி என்.எம்.ஆர். போதாதா?

பதில்: ஒழுங்காகச் செய்தால் போதும், பல நேரம் அதுவே மேல். ட்ரைமெத்தாக்சிபென்சீன் போலத் தூய்மை தெரிந்த அகத்தரத்தை (மாதிரியோடு சேர்த்து ஒப்பிடும் பொருளை) துல்லியமாக எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் வெறும் புரோட்டான் நிறமாலையைக் காட்டி ‘தூய்மையானது’ என்பவர்களுக்குச் சிலிக்கா கண்ணுக்கே தெரியாது, அதில் புரோட்டான் கோடு ஏது? 90 பாகைத் துடிப்பென்றால், துடிப்புகளுக்கு நடுவே மிக மெதுவாகத் தளரும் (பழைய நிலைக்குத் திரும்பும்) புரோட்டானின் தளர்வு நேரத்தைப் போல ஐந்து மடங்காவது காத்திருக்க வேண்டும். கருவியின் வழக்கமான ஒரு நொடி இடைவெளியில் எடுத்துவிட்டு அளவறி என்று பெயர் சூட்டாதீர்கள்.

கேள்வி: நான்தான் மறுபடியும். அப்படியானால் ஒரே மாதிரியை மூன்று முறை அனுப்பி, எல்லைக்குள் வந்த முடிவை மட்டும் போடுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மோசடி என்கிறேன். இதில் நமக்குள் சண்டையே இல்லை. அனுப்பியவை மூன்று என்றால் மூன்றையும் போடுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பக்க எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா?

பதில்: மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: எட்டு மாதம் முயன்றும் வினை நடக்கவில்லை. தோல்வியை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா?

பதில்: முடியும், ‘நடக்கவில்லை’ என்பதைப் பிரித்து எழுதினால். தொடக்கப் பொருள் அப்படியே மீண்டதா, சிதைந்ததா, வேறொன்றாக மாறியதா? மூன்றும் மூன்று முடிவுகள். எவ்வளவு மீண்டது என்று எடை உண்டா? கரைப்பான், காரம், வெப்பநிலை என்று எதை மாற்றினீர்கள், எதை மாற்றாமல் வைத்தீர்கள் என்று ஒரே அட்டவணையில் போடுங்கள். வினை நடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த தொடக்கப் பொருளில் அதே வினை உங்கள் கையில் நடந்ததா என்ற ஒப்பீட்டுச் சோதனை இல்லையென்றால், ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன் அதை மட்டும் செய்துவிடுங்கள். அது இல்லாத எதிர்மறை முடிவை எவரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: நெறியாளர் வரைவைத் திருப்பித் தருவதே இல்லை.

பதில்: முழு ஆய்வேட்டையும் ஒரே கட்டாகக் கொடுத்திருப்பீர்கள். ஓர் அதிகாரம் மட்டும் கொடுங்கள். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதுங்கள்: ‘வரைபடம் இரண்டில் இந்த வினைவழிமுறை சரியா?’ என்பது போல. ‘பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்று கொடுத்தால் அது மேசை அடுக்கில் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: நிறமாலைகளின் அச்சுப்படிகள் மட்டும் இருக்கின்றன. கருவிக் கணினியில் பழைய கோப்புகளை அழித்துவிட்டார்கள். போதுமா?

பதில்: போதாது. பொருள் குப்பியில் இருந்தால் இன்றே மறுபடி எடுங்கள். மற்ற எல்லோரும் கேளுங்கள்: படத்தைச் சேமிப்பது சேமிப்பாகாது, மூலத் தரவுக் கோப்புறை முழுதும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். தேர்வாளர் ஒரு கோட்டை விரித்துக் காட்டு என்றால் அச்சுப்படியை எப்படி விரிப்பீர்கள்?

கேள்வி: வெளியேறும் முன் புகைபோக்கிப் பெட்டியைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். சோடியம் அசைடு வினைகளின் மீதியும் பழைய ஈத்தர் புட்டியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கரைப்பான் கழிவில் ஊற்றலாமா?

பதில்: நிறுத்துங்கள். அசைடு மீதியை டைகுளோரோமீத்தேன் இருக்கும் கழிவில் ஊற்றினால் டைஅசைடோமீத்தேன் உண்டாகலாம், அது வெடிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரசோயிக் அமிலம் வரும். அது நஞ்சு, வெடிக்கவும் செய்யும். அசைடு கழிவுக்குத் தனிக் கலன், காரத்தன்மையில், பெயர்ச்சீட்டோடு. ஈத்தர் புட்டியின் மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகங்கள் தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். பெராக்சைடாக இருக்கலாம். பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். ஆய்வேடு ஒரு நாள் தாமதமானால் குடி முழுகிவிடாது.

கேள்வி: ஆய்வேட்டை எத்தனை பக்கங்களில்...

பதில்: அடுத்தவர்.

கேள்வி: செய்முறைப் பகுதியில் ஒப்புமை சதவீதம் (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) அதிகமாக வருகிறது.

பதில்: ‘நிறைவுற்ற உப்புக் கரைசலால் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டால் உலர்த்தி’ என்பதை எத்தனை விதமாக எழுதமுடியும்? நெறியாளரிடம் காட்டி விளக்கம் பெறுங்கள். முன்னுரையில் அதே சதவீதம் வந்தால் அது வேறு கதை.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள்?

பதில்: நீங்கள் பெயர் எழுதாமல் விட்ட கோட்டின்மேல் விரல் வைப்பார்கள். குளோரோஃபார்மில் 1.56 என்றால் நீர், 0.86, 1.26 இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கண்ணாடி மூட்டுக்குத் தடவிய கிரீஸ். நீங்களே முன்கூட்டிக் குறித்திருந்தால் அந்தக் கேள்வி எழாது. அடுத்து, முதல் படியில் ட்ரைஎத்திலமீன் எடுத்தீர்களே, பொட்டாசியம் கார்பனேட் ஏன் கூடாது என்பார்கள். ‘நெறியாளர் சொன்னார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நெறியாளரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.