சிகிச்சை பலித்தது என்று யார் சொல்வது?

நோயைக் குணப்படுத்துவதுதானே சிகிச்சை, இதில் தத்துவத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன். நோய் வருவது உடம்பில் என்றாலும், அவதிப்படுவது ஒரு ஆள்.

எரிக் காசெல் என்ற அமெரிக்க மருத்துவர் 1982இல் எழுதிய கட்டுரையில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். தன் வலி வெறும் நரம்பு வலி என்று நம்பியிருந்தவரை, கோடீன் என்ற வலி மருந்து கொஞ்சமே தாக்குப்பிடிக்க வைத்தது. பரவிவிட்ட புற்றுநோயால் வரும் வலி அது என்று தெரிந்ததும் மருந்தின் அளவை வெகுவாகக் கூட்ட வேண்டியிருந்தது. அந்த வலிக்கு அவர் மனதில் இருந்த அர்த்தம் மாறிவிட்டது. அதை எந்த ஸ்கேனும் காட்டாது. அவரிடம் பேசினால்தான் தெரியும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஜார்ஜ் கங்கிலெம் 1943லேயே இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். ஆரோக்கியம் என்பது சராசரி அளவுகளுக்குள் அடங்கிக் கிடப்பதல்ல. சூழல் மாறும்போது வாழ்வதற்குப் புது முறைகளை உண்டாக்கிக்கொள்ளும் திறன் என்பது அவர் கருத்து. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. இப்படிப் பார்த்தால், காலை இழந்தவர் வேறு விதமாக நடமாடி, தன் வேலைக்குத் திரும்ப உதவுவதும் முழுமையான சிகிச்சைதான். ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் ஆள் வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிறார் என்றால் சிகிச்சை இன்னும் முடியவில்லை.

அப்புறம், குணமாகாத நோய்? சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்க 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இதற்குப் பதில் சொன்னது. சாகப்போகிறவரின் வலியில் உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாமே கலந்திருக்கின்றன என்று அவர் எடுத்துக்கொண்டார். 'இனிச் செய்ய ஒன்றுமில்லை' என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் அவருக்கு அவ்வளவு வேலை இருந்தது.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளில் ஒன்று, இந்த நோயைப் பற்றி உங்களுக்கு எது அதிக பயம் என்பது. ஆனால் 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். அதனால் உங்கள் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எதை இழக்க உங்களால் முடியாதோ, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.