'பீல் ஆஃப்': எதை உரிக்கிறோம், எது உரிகிறது?

கேள்வி: 'பீல் ஆஃப்' என்ற ஆங்கிலத் தொடருக்கு என்ன பொருள்? வெறும் 'பீல்' என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஒரு பொருளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை ஓரத்தில் பிடித்து உரித்தெடுப்பதுதான் 'பீல் ஆஃப்'. புது செல்போன் திரையில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை நகத்தால் ஓரம் கிளப்பி இழுத்தால் சர்ரென்று முழுசாக வருகிறதல்லவா, அதுவே இதன் நேர்ப்பொருள். கத்தியால் சுரண்டி எடுத்தால் அது 'ஸ்க்ரேப் ஆஃப்'.

நாம் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் 'வெங்காயத்தை உரி' என்றாலும் சரி, 'தோலை உரி' என்றாலும் சரி, 'உரி' இரண்டையும் ஏற்கும். ஆங்கிலத்தில் 'பீல்' அப்படித்தான், 'பீல் ஆஃப்' அப்படியில்லை. அதற்குச் செயப்படுபொருளாக வருவது உரிந்து போகும் படலம். உள்ளே மிஞ்சும் பொருள் அல்ல. 'பீல் தி ஆனியன்' சரி. 'பீல் ஆஃப் த ஸ்கின்' சரி. 'பீல் ஆஃப் தி ஆனியன்' என்றால் வெங்காயமே எதன் மேலோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவும் அதைப் பிய்த்தெடுக்கச் சொல்வதுபோலவும் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் 'கையோடு வருவது எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'பீல் ஆஃப்' உடன் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சொல் வரிசையில், 'பீல் ஆஃப் த லேபிள்', 'பீல் த லேபிள் ஆஃப்' இரண்டும் சரி. பெயருக்குப் பதில் 'இட்', 'தெம்' வந்தால் நடுவில் மட்டுமே வைக்கலாம்: 'பீல் இட் ஆஃப்'. 'பீல் ஆஃப் இட்' பிழை. எதிலிருந்து என்பதையும் சொல்ல 'பீல் த லேபிள் ஆஃப் த பாட்டில்' போதும், தனியாக 'ஃப்ரம்' தேவையில்லை. எழுதும்போது இரண்டு எஃப் போட மறக்காதீர்கள். ஒன்றை விட்டால் அது வேறு சொல்.

'உரித்தேன்', 'உரிந்தது' என்று தமிழ் வினையையே மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'பீல் ஆஃப்'. ஈரம் ஏறிய சுவரில் பெயிண்ட் தானாக உரிந்துகொண்டிருந்தால் 'த பெயிண்ட் இஸ் பீலிங் ஆஃப்'. உரிந்து முடிந்திருந்தால் 'ஹேஸ் பீல்ட் ஆஃப்'. பலர் இங்கே 'வாஸ் பீல்ட் ஆஃப்' என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் யாரோ வேண்டுமென்றே உரித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்.

வேறு பொருள்களும் இதிலிருந்து கிளைத்தவைதான். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிய சட்டையைக் கழற்றுவது, நோட்டுக் கட்டிலிருந்து ஒவ்வொரு நோட்டாக உருவித் தருவது, அணியாகப் பறக்கும் விமானங்களில் ஒன்று வளைந்து விலகிப் போவது எல்லாவற்றுக்கும் 'பீல் ஆஃப்' வரும். ஊர்வலத்திலிருந்து இரண்டு பைக் பிரிந்து சந்துக்குள் திரும்பினாலும் இதுவே.

ஆனால் 'உரி' வரும் இடமெல்லாம் 'பீல்' வராது. தேங்காய் மட்டையை உரிப்பது 'ஹஸ்க்'. வெட்டிய ஆட்டை உரிப்பது 'ஸ்கின்'. பாம்பு சட்டை உரிப்பது 'ஷெட்'. வேர்க்கடலையை உரிப்பது 'ஷெல்'. உருளைக்கிழங்கிலோ தலைகீழ்: நாம் 'தோல் சீவு' என்போம், அவர்கள் 'பீல்' என்பார்கள்.

'பீல் பேக்' என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது படலத்தை முழுதாக எடுக்காமல், ஒரு பக்கம் ஒட்டியபடியே மடக்கிவிடுவது. கப் நூடுல்ஸ் மூடியைப் பாதிவரை 'பீல் பேக்' செய்து, வெந்நீர் ஊற்றி, திரும்ப மூடி வைக்க வேண்டும். அதையே 'பீல் ஆஃப்' செய்துவிட்டால் ஆவி வெளியே போய்விடும், நூடுல்ஸ் சரியாக வேகாது.