செடி இருந்தால் ஃபில்டர் வேண்டாமா?

கேள்வி: எங்கள் மீன் தொட்டி 60 லிட்டர் பிடிக்கும். எட்டு கப்பி மீன்கள் இருக்கின்றன. செடி வைத்தால் தண்ணீர் தானாகவே சுத்தமாகும் என்றார்கள். அனுபியாஸ் இரண்டு, கூடவே தண்டுச் செடிகள் சில வாங்கி வைத்தேன். பத்தே நாளில் இலைகள் அழுகி, தண்ணீர் முன்பைவிடக் கலங்கிவிட்டது. ஃபில்டரை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். எங்கே தவறு?
– வாசகி

பதில்: அழுகிய இலைகளை இன்றே கிள்ளி எடுங்கள். தொட்டதும் கொழகொழவென்று விரலோடு வருகிற இலை, தான் உறிஞ்சியதைத் திரும்பத் தொட்டிக்கே கொடுத்துவிடும். செடியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பண்ணைகளில் பல செடிகளை இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். நீருக்குள் வந்ததும் பழைய இலை கரைந்து, புது இலை வரும். தண்டும் வேரும் கெட்டியாக இருந்தால் பொறுத்திருங்கள்.

மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நீர்ச்செடிகளுக்கோ இவையெல்லாம் சாப்பாடு. ஆனால் வேகமாக வளர்கிற செடிதான் நிறையச் சாப்பிடும். அனுபியாஸ் ஒரு இலை விடவே வாரக்கணக்கில் ஆகும். அழகான செடிதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது.

வேகமாக வளரும் ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடியை வாங்கி மிதக்க விடுங்கள். இடம் மாறிய புதிதில் ஊசி இலைகளைக் கொட்டும், பயப்படாதீர்கள். மிதக்கும் டக்வீட், வேர் மட்டும் நீரில் நனையும்படி விளிம்பில் மாட்டிய மணி பிளான்ட், இரண்டும் நன்றாக உழைக்கும். இலை வெளியே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டு மளமளவென்று வளரும். என் தொட்டியில் ஹார்ன்வொர்ட்டை வாராவாரம் ஒரு கைப்பிடி கிள்ளி, ரோஜாச் செடியின் அடியில் போடுகிறேன். செடி உறிஞ்சிய கழிவு தொட்டியை விட்டு உண்மையிலேயே வெளியேறுவது அந்தக் கைப்பிடியோடுதான். கிள்ளாமல் விட்டால் அடியில் வெளிச்சம் படாத பகுதி அழுகி, உங்கள் பழைய கதை திரும்பிவிடும். கிள்ளியதைக் குளத்திலோ ஏரியிலோ மட்டும் போடாதீர்கள், அங்கே பரவிவிடும்.

விளக்கு எட்டு மணி நேரம் போதும். கூடினால் பாசி பிடிக்கும்.

சரி, ஃபில்டருக்கு வருகிறேன். செடி வைத்த மூன்றாம் நாளே ஒருமுறை ஃபில்டரைக் கழற்றினேன். மறுநாள் விடியும்போது மீன்களெல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நீரைக் கலக்கிவிட ஃபில்டரும் இல்லை, இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்று மீன்கள் போய்விட்டன, இன்னும் மனம் ஆறவில்லை. அதனால் ஃபில்டர் ஓடட்டும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து அதில் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரையும் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய நீராக.